வண்டி கட்டுவதற்கு முன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் இரண்டே இரண்டு பரீட்சைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்துக்கு அது போதுமாயிருந்தது. இரண்டிலும் நான் எப்படியோ தேறிவிட்டேன். வீட்டைக் கட்டினேன், கடனும் ஒருவாறு அடைந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். மாப்பிள்ளையும் நல்லவராகவே வாய்த்தார். இனிமேல் நமக்குப் பரீட்சை ஒன்றும் பாக்கியில்லை என்று நான் நிம்மதியாக இருந்த சமயத்தில் அந்த நல்ல மாப்பிள்ளையே மூன்றாவது பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டை வண்டியின் மேல் கட்டி, அதில் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமனார், மாமியார் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, பத்து நாள் ஊர் சுற்றிப் பார்!

அது என்ன வண்டி என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்கர்கள் அதை 'ஆர்.வி.' என்று இரண்டே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். 'ரிக்ரியேஷனல் வெஹிகிள்' என்பதன் சுருக்கம் அது; உல்லாச வண்டி என்று பொருள் கொள்ளலாம். நம் ஊரில் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில், நட்சத்திரங்கள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்குக் 'கேரவன்' என்று ஒன்று நிற்குமே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். எங்களுக்கு வாய்த்தது 28 அடி நீளம். முன்பக்கம் பார்த்தால் வேன். வேனின் தலைக்கு மேல், பழைய வீடுகளின் பரண் மாதிரி ஒரு படுக்கை. உள்ளே நுழைந்தால் சமையல் மேடை, காஸ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி. சாப்பாட்டு மேஜையை மடக்கிப் போட்டால் அதுவே இருவர் படுக்கும் கட்டில். பின்கோடியில் ஓர் அறை. இவற்றுக்கெல்லாம் நடுவில், அலமாரிக் கதவு போன்ற ஒரு குறுகிய கதவு. அதைத் திறந்தால் குளியலறையும் கழிப்பறையும். அந்தக் கதவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகமாகச் சொல்லப் போகிறேன். வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது.

இந்த மாதிரிப் பிரயாணம் நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டியதில்லை. என் சிறு வயதில் எங்கள் குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் போகும். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, ஒரு மூலையில் புளியோதரைத் தூக்கும் மறு மூலையில் தண்ணீர்க் கூஜாவுமாக ஏறி உட்கார்ந்துவிட்டால், கோயில் போய்ச் சேரும் வரைக்கும் அதுதான் வீடு. வண்டி எப்போதும் விடிவதற்கு வெகு நேரம் முன்பே புறப்பட்டுவிடும். 'வெயிலுக்கு முன்னால் போய்விடலாம்' என்பார் தாத்தா. இருட்டோடு இருட்டாக வழியில் ஒரு முறை நிறுத்தினால் பெண்களுக்குச் சௌகரியம் என்ற இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கும் இது குதிரை வண்டியில்தான் ஆரம்பித்தது. யெல்லோஸ்டோன் என்ற மகத்தான வனத்தை 1872-இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். உலகத்திலேயே முதல் தேசியப் பூங்கா என்ற பெருமை அதற்குத்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே குதிரை வண்டிகளின் ராஜ்யமே நடந்தது. 1915 ஆகஸ்டில்தான் சொந்த மோட்டார் கார்களை உள்ளே விட்டார்கள். விட்டதுதான் தாமதம், காருக்குள்ளேயே படுக்கை விரித்துக்கொண்டு, தகர டப்பாவில் அடைத்த உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஜனங்கள் தேசம் முழுவதும் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். 1919-இல் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் இவர்கள் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். சங்கத்துக்குத் 'தகர டப்பா யாத்ரீகர்கள்' என்று பெயர். தங்களைத் தாங்களே பரிகாசம் செய்துகொள்ளத் தெரிந்த மனிதர்கள்!

நம் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரும் இந்த வழியில் போயிருக்கிறார். நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1960-இல் ஒரு சரக்கு மோட்டாரின் முதுகில் சின்ன வீடு ஒன்றைப் பொருத்தி, டான் குவிக்ஸோட்டுடைய குதிரையின் பெயரை அதற்குச் சூட்டி, தம்முடைய தேசத்தைச் சுற்றிவந்தார். துணைக்குச் சார்லி என்ற நாய். அந்தப் பிரயாண நூல் 1962-இல் வெளிவந்தது; நோபல் பரிசும் அதே வருஷம் அவருக்குக் கிடைத்தது. அவரிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனாலும், குடும்பத்தோடு போவதற்குத் திட்டம் போடுகிறவனுக்கு அவரிடமிருந்து கற்றுக்கொள்ள அதிகமில்லை. சார்லிக்கு முழங்கால் வலி கிடையாது, மாமியார் கிடையாது, எட்டாம் வகுப்புப் பாடம் கிடையாது. மிகவும் முக்கியமாக, மரம் கண்ட இடத்தில் இறங்கிவிட அதற்குச் சங்கோசம் கிடையாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் பெண் இருப்பது யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். 2023 ஜூலையில் நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின கார்த்திகை மாதத்திலேயே மாப்பிள்ளை ஆலோசனைக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். இவ்வளவு முன்கூட்டியா என்று எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்தத் தேசத்தில் பூங்காக்களுக்குள் வண்டியை நிறுத்தி இரவு தங்குவதற்கு இடம் பிடிப்பது, நம் ஊரில் பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது போன்ற காரியம் என்பது பிறகு தெரிந்தது. நமக்காவது இப்போது 60 நாள் முன்னால் எழுந்து உட்கார்ந்தால் போதும். அங்கே பல பூங்காக்களில் ஆறு மாதம் முன்னால், குறித்த நாளில், குறித்த மணியில் கதவு திறக்கிறது. திறந்த சில நிமிஷங்களில் நல்ல இடமெல்லாம் போய்விடுகிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் சபை கூடியது. இங்கே காலை எட்டு மணி. அங்கே சனிக்கிழமை இரவு ஏழரை. நானும் என் மனைவியும் காப்பியோடு டெலிபோன் திரைக்கு முன்னால் உட்காருவோம். அவர்கள் நால்வரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வாரம் மாப்பிள்ளை வாசித்த ஜாபிதாவைக் கேட்டு எனக்குத் தலை சுற்றிற்று. யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், அதற்கும் வடக்கே கிளேசியர், திரும்பும் வழியில் மவுண்ட் ரஷ்மோர். பத்தே நாளில்! ஒவ்வொருவரும் தங்கள் மனுவைச் சமர்ப்பித்தார்கள். ஒன்பது வயதுப் பேரனுக்கு வெந்நீர் ஊற்று வானத்தில் பீறிடுவதைப் பார்க்க வேண்டும். பதினாலு வயதுப் பேத்திக்கு, போகிற இடத்தில் இணையத் தொடர்பு இருக்க வேண்டும். என் பெண்ணுக்கு ஒரு நாளாவது யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கிளேசியர் பூங்காவில் மலையைக் குடைந்து போட்டிருக்கிற ஒரு சாலையில் வண்டி ஓட்ட வேண்டும்; படிக்கிற நாளிலிருந்து உள்ள ஆசையாம். எனக்கு ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

"அத்தை, உங்களுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு என்ன, நீங்க எல்லாரும் எங்கே போனாலும் எனக்குச் சரி" என்றாள் என் மனைவி.

குடும்பத்தில் யாராவது ஒருவர் எப்போதும் இப்படித்தான் சொல்லுகிறார். உடனே மற்றவர்கள், 'நல்லது, ஒருவர் பிரச்னை தீர்ந்தது' என்று எண்ணி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். மாப்பிள்ளை போகவில்லை. காகிதத்தில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார்.

அடுத்த இரண்டு வாரமும் அடிப்பதிலேயே கழிந்தன. ஜாபிதாவில் இருந்த ஊர்களை அடிப்பதைச் சொல்கிறேன். இந்த வண்டிக்காரர்களுக்குள் 'மூன்று மூன்று மூன்று' என்று ஒரு சூத்திரம் உண்டு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேர். சேர்ந்த இடத்தில் மூன்று இரவாவது தங்கு. இதை வைத்துப் பார்த்ததும் மவுண்ட் ரஷ்மோர் தானாகவே விழுந்தது. கிளேசியர் மட்டும் விழ மறுத்தது. மாப்பிள்ளை அதற்காக எங்கெங்கோ நாள் கடன் வாங்கிப் பார்த்தார். கடைசியில் அந்தச் சாலையின் விதியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி போகக் கூடாது. எங்கள் வீடோ 28 அடி! சிறிய வண்டி எடுத்தால் ஆறு பேர் படுக்க முடியாது. மாப்பிள்ளை சிவப்புப் பென்சிலை எடுத்துத் தம் ஆசையைத் தாமே அடித்தார். "மலை எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஊர்ப் பட்டியல் சுருங்கியபின் தண்ணீர்க் கணக்கு வந்தது. வீடு சக்கரத்தின் மேல் ஏறிவிட்டால், வீட்டில் நாம் கவனிக்காத சமாசாரங்கள் எல்லாம் கணக்குக்கு வந்துவிடுகின்றன. வண்டியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு; இரண்டாவது பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு; மூன்றாவது கழிப்பறைக்கு. நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன் பிடிக்கும். ஏறக்குறைய 150 லிட்டர். அதை நிரப்பினால் 150 கிலோ எடை கூடும். ஏற்கெனவே அந்த வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் ஓடினால் அதிகம்.

"நூத்தம்பது லிட்டர்னா பத்துக் குடம்" என்று என் மனைவி உடனே கணக்குப் போட்டாள். "ஆறு பேருக்குப் பத்துக் குடம் ரெண்டு நாளைக்குத் தாராளமா வரும். 2019-ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னவளுக்கு இது பெரிசா?"

சென்னை வறண்டுபோன அந்தக் கோடையில், காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கும், துணி அலசிய தண்ணீரைத் தரைக்கும் பங்கிட்டுக் குடும்பத்தை நடத்தியவள் அவள். தட்டில் சாப்பிட்டதும் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். வழியில் போகும்போது யாரும் தலைக்குக் குளிக்கக் கூடாது. பல் தேய்க்கும்போது குழாயை மூடவேண்டும் என்று வரிசையாகச் சட்டங்களைப் பிறப்பித்தாள். தண்ணீர் இலாகா அன்றைக்கே அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. பேத்தி செயலாளர்.

செயலாளர் கணக்கெடுக்கத் தொடங்கினாள். "பாட்டி, நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"வீட்டிலேயா, பிரயாணத்திலேயா?"

"ரெண்டும்."

"வீட்டில குடிக்கிறதுக்குக் கணக்கு ஏது? பிரயாணத்தில குடிக்கிறதில்லை."

"ஏன் பாட்டி, தாகம் எடுக்காதா?" என்று பேரன் கேட்டான்.

"எடுக்கும்டா கண்ணா. வழியில இறங்கற இடம் எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? அதனால முதல் நாள் சாயங்காலமே நிறுத்திடுவேன்."

அவள் இதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் சத்தமே இல்லை. திரையில் படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், நிற்கவில்லை. என் பெண் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "காலேஜ்ல படிக்கிறப்போ ராத்திரி பஸ்ஸுக்கு நீதானேம்மா எனக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தே?" என்றாள்.

உண்மைதான். இது என் மனைவியின் தனி வழக்கமன்று. நம் ஊரில் நீண்ட தூரம் பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையே சொல்லுவாள். அம்மா மகளுக்குச் சொல்லித் தருகிறாள். மகள் தன் மகளுக்குச் சொல்லித் தருகிறாள். கைவைத்தியம் போல, கோலம் போல, இதுவும் ஒரு குடும்ப வித்தையாகிவிட்டது. செயலாளரோ அந்த வித்தையை இன்னும் கற்காதவள். பாட்டியின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வண்டியிலேயே எல்லாம் இருக்கு, அத்தை" என்றார் மாப்பிள்ளை.

பிரச்னை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் எண்ணினோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றாள். முழங்கால் வலி உள்ளதுதான். ஆனால் முந்தின வாரம் வரை அது பத்துக் குடத்தையும் பங்கு போடுவதற்குத் தடையாக இல்லை. என்ன விஷயம் என்று அவளும் பெண்ணும் தனியாகப் பேசியபோதுதான் வெளியே வந்தது. அந்த மூன்றாவது தொட்டியை இரண்டு நாளைக்கு ஒரு முறை, அதற்கென்று உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, குழாய் மாட்டி யாராவது காலி செய்ய வேண்டும். யார் செய்வது? மாப்பிள்ளைதான் செய்வார். மாப்பிள்ளை கையால் அந்தக் காரியமா? அதற்குத் தாகத்தோடு இருப்பதே மேல் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சௌகரியத்துக்கென்று வாங்கிய கதவே அவளுக்குப் பூட்டிய கதவாகிவிட்டது!

என் பெண் இதைத் தன் புருஷனிடம் எந்த விதமாகச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை புதிய திட்டம் ஒன்றை வாசித்தார். முதல் நாள் ஐடஹோ ஃபால்ஸ் வரையில் 210 மைல். மறுநாள் யெல்லோஸ்டோனுக்குள், ஏரிக்கரையில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடம். அங்கே நான்கு இரவு. பிறகு டீட்டன் மலையடிவாரத்தில் கோல்ட்டர் பே. அங்கே மூன்று இரவு. திரும்பும் வழியில் பேர் லேக் என்ற ஏரிக்கரையில் ஓர் இரவு.

"ஃபிஷிங் பிரிட்ஜ்தான் வேணும்னு ஏன் பிடிச்சிருக்கேன், தெரியுமா அத்தை? அந்தப் பக்கம் கரடி ஜாஸ்தி. அங்கே கூடாரம் போட விடமாட்டாங்க; சுவர் கெட்டியா உள்ள வண்டிதான் நிறுத்தலாம். ரொம்பப் பாதுகாப்பு."

கரடி நிறைந்த இடத்தைப் பாதுகாப்பு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு நானே அந்தப் பூங்காவின் விவரங்களைப் படித்துப் பார்த்தேன். யெல்லோஸ்டோனுக்குள் பன்னிரண்டு முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் வண்டி நிற்கும் இடத்துக்கே மின்சாரம், தண்ணீர், கழிவு நீர்க் குழாய் மூன்றும் வருகிற முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கோல்ட்டர் பேயிலும் அப்படிப்பட்ட இடம் உண்டு, அதையே பிடித்திருந்தார். குழாய் எப்போதும் மாட்டியபடி இருக்கும். ஒரு பிடியை இழுத்தால் தீர்ந்தது. யாரும் யாருடைய கணக்கையும் எண்ண வேண்டியதில்லை. இதற்காக மாப்பிள்ளை கூடுதல் வாடகை கொடுத்திருந்தார். அழகான ஆற்றங்கரை முகாம் ஒன்றைக் கைவிட்டிருந்தார். புகழை மட்டும் கரடிக்குக் கொடுத்துவிட்டார்.

என் மனைவியின் முழங்கால் அந்த வாரமே குணமாயிற்று.

ஜூலை மாதம் புறப்பட்டோம். ஓடுகிற வண்டியில் காப்பி போடலாம் என்று என் மனைவி நினைத்திருந்தாள். ஓடும்போது எல்லாரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே தீரவேண்டும் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஃபிஷிங் பிரிட்ஜ் என்று பெயர் இருந்தாலும் பாலத்தின் மேல் நின்று மீன் பிடிப்பதை 1973-இலேயே தடுத்துவிட்டார்கள். இப்போது மீன்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஏரி கடல் மட்டத்திலிருந்து 7,700 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு லேசில் வேகாது. அப்படியும் குக்கரை மறக்காமல் எடுத்துவந்திருந்ததால் என் மனைவி ஜெயித்தாள். முதல் நாள் சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவதா வேண்டாமா, கரடிக்கு மூக்குக் கூர்மையாமே என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடுவது என்று முடிவாயிற்று.

அங்கே மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் குனிந்தார். அவர் பக்கத்தில் இன்னொரு சிறிய கையுறை ஜோடியோடு பேரன். என் மனைவிக்குத் தாங்கவில்லை. "மாப்பிள்ளை, இதையெல்லாம் நீங்க செய்யறதா?" என்றாள்.

"பின்னே யார் செய்யணும், அத்தை?" என்று அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

சிரித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நம் தேசத்தில் எத்தனையோ நூற்றாண்டுகளாக ஒரு பதில் இருந்துவருகிறது. அந்தப் பதிலைத் தடுப்பதற்கு 1993-இல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டமும் செய்ய வேண்டியிருந்தது. அப்படியும் சாக்கடைத் தொட்டிக்குள் மனிதன் இறங்கி மாண்டான் என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்க்கிறோம். இங்கே சுற்றிலும் பார்த்தேன். அடுத்த வண்டியில் வெள்ளைத் தலைக் கிழவர் ஒருவர், அதற்கடுத்த வண்டியில் வாட்டசாட்டமான ஓர் அம்மாள், எல்லாரும் அவரவர் குழாயை அவரவரே கழுவிக்கொண்டிருந்தார்கள். காலை வேளையில் வாசல் தெளிப்பது போல அது நடந்துகொண்டிருந்தது. பேரன் பிடியை இழுத்தான். தன்னால்தான் பூமி சுழல்கிறது என்று எண்ணியவன்போல் எங்களை ஒரு பார்வை பார்த்தான். என் மனைவி பதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை அவள் இரண்டாவது டம்ளர் காப்பி குடித்ததை மட்டும் கவனித்தேன்.

அன்றே ஹேடன் பள்ளத்தாக்கில் வழி அடைபட்டது. காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையின் நடுவே வந்து நின்றுகொண்டு, கோயில் காளைகளைப் போல அசைய மறுத்துவிட்டது. அவற்றுக்கு 25 கஜத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றாவது சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பீறிடுகிறது. அடுத்தது எப்போது என்று பலகையில் எழுதிவைக்கிறார்கள். காட்டெருமைக்குப் பலகை கிடையாது. முன்னும் பின்னும் கார்கள் வரிசையாக நின்றன. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று.

எங்களுக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து இளம் தாய் ஒருத்தி இறங்கினாள். கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. இருபுறமும் வெட்டவெளி, ஒரு புதர்கூட இல்லை. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்த பார்வையை நாங்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவிக்கு மட்டும் விளங்கிவிட்டது.

"கதவைத் திற. அந்தக் குழந்தையைக் கூப்பிடு" என்றாள் பெண்ணிடம்.

அந்தத் தாய்க்கும் என் மனைவிக்கும் பொதுவான பாஷை ஒன்றும் இல்லை. இவள் குறுகிய கதவைத் திறந்து கையைக் காட்டினாள், அவள் புரிந்துகொண்டாள். குழந்தை போய்வந்ததும், பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுத் தாயும் போய்வந்தாள். போகும்போது அவள் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னாள். தண்ணீர் இலாகா தன் சொந்தச் சட்டங்களை மீறி, குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்பியது.

பத்து நாளில் நாங்கள் பார்க்காமல் விட்ட இடங்களைச் சொன்னால், அமெரிக்கா போய்வந்த என் நண்பர்கள் பரிதாபப்படுகிறார்கள். பேத்திக்கு இணையத் தொடர்பு அநேகமாகக் கிடைக்கவில்லை. அதனால் எனக்குச் சீட்டாட்டத்துக்கு ஆள் கிடைத்தது. என் பெண் ஒரு நாள் ஒன்பதரை மணி வரையில் தூங்கினாள். நான் டீட்டன் மலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் சாலை மட்டும் பாக்கி நிற்கிறது. அவர் சொன்னபடி மலை எங்கேயும் ஓடிப்போகாது.

குடும்பத்தோடு எங்கேயாவது போவதற்கு யோசனை செய்கிறவர்கள் தேசப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். எந்த ஊர், எத்தனை மைல், எவ்வளவு பணம் என்று பார்க்கிறார்கள். அவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'எனக்கு ஒன்றும் வேண்டாம், எங்கே போனாலும் சரி' என்று சொல்லுகிறவர் வீட்டில் யார் என்று முதலில் பாருங்கள். அவரிடமிருந்து தொடங்கினால் திட்டம் தானாகவே உருவாகிவிடும். அப்புறம் வண்டி ஆர்.வி.யாக இருந்தால் என்ன, கூண்டு வண்டியாக இருந்தால் என்ன? புகழைக் கரடிக்குக் கொடுத்துவிடவும் தெரிந்திருந்தால் இன்னும் விசேஷம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, தை மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்காக வாடகை வேன் ஒன்றை ஏற்பாடு செய்தோம். டிரைவரிடம் நான் பணத்தையும் நேரத்தையும் பேசி முடித்துவிட்டு டெலிபோனை வைக்கப் போனேன். என் மனைவி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்ப்பா, வழியில நிறுத்தற இடத்தில பொம்பளைங்க போற இடம் சுத்தமா இருக்குமா?" என்று கேட்டாள்.

எதிர்ப்பக்கம் ஒரு நிமிஷம் பதில் இல்லை. பிறகு அந்தப் பையன், "திண்டிவனம் தாண்டி ஒரு இடம் இருக்கும்மா. சுத்தமா வச்சிருப்பாங்க. அங்கேயே நிறுத்தறேன்" என்றான்.